திருமேனி 'ஐடல்' ஆமோ?

திருச்சிற்றம்பலம்

கொல்லிமலையின் அடிவாரத்தே, சேந்தமங்கலத்தை அடுத்துள்ளது காரவள்ளி என்னும் சிற்றூர். எழுபது கொண்டையூசி வளைவுகளையுடைய மலைவழி இவ்வூரிலிருந்தே தொடங்குகின்றது. அவ்வழியே ஏறிச் செல்வோர், மலைமேற் பெரியகோவிலூரில் அறம்வளர்த்த நாயகியாரோடு எழுந்தருளியிருக்கும் அறப்பளீசுவரப் பெருமானைக் கண்டு வணங்குவர். அத்தலம் தேவார வைப்புத் தலங்களுள் ஒன்று. அம்பலவாணக் கவிராயர் சதகம் பாடிப் போற்றிய பதி. அங்கே வழிவழியாக வழங்கும் வரலாறு ஒன்றுண்டு. உழவன் ஒருவன் நிலத்தை உழுதபோது ஏர்முனை ஒரு கல்லிற் பட்டதாம். பட்ட இடத்தினின்றும் குருதி பெருகிற்றாம். அவன் நடுநடுங்கி வீழ்ந்து வணங்கினானாம். அவ்வடு இன்றும் சிவலிங்கத் திருமேனியிற் காணப்படுகின்றது என்பர்.

இவ்வரலாற்றை ஆராய்ச்சியாளர் எவ்வாறு கொள்ளினும் கொள்ளுக. யாம் ஈண்டு நோக்குவது ஒன்றே. 'கல்லிற் பட்டது' என்று எண்ணத் தொடங்கிய அவ்வுழவன், 'சாமிக்கு அடிபட்டது' என்று எண்ணி முடித்தான். அவன் நாவிற் கல் என்னும் சொல் மறைந்து சாமி என்னும் சொல் தோன்றிய கணமே அத்தலம் தோன்றிய கணமாம். எழுத்தறியாத அவ்வுழவன் அறிந்த இவ்வேறுபாட்டைக் கற்றறிந்த நம்மனோர் பலர் இன்று மறந்தனர் என்பதே எமது வருத்தம்.

சில திங்கள்களுக்கு முன்னர் யாம் அத்திருக்கோயிலில் வழிபட்டு நின்றபோது, நெற்றி நிறைந்த திருநீற்றோடு வந்த அன்பர் ஒருவர் அருச்சகரை நோக்கி, "இந்த ஐடல் எந்த நூற்றாண்டினது? வெளிநாட்டில் என்ன விலை போகும்?" என வினவினார். அருச்சகர்க்கு முதலில் விளங்கவில்லை. பின்னர் விளங்கியபோது அவர் முகம் வாடிற்று. "சாமியைத்தானே கேட்கிறீர்கள்? சாமிக்கு ஏதுங்க விலை?" என்று சொல்லித் தீபத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றார். வினவிய அன்பர் சைவர். தீய எண்ணம் ஒரு சிறிதும் இல்லாதவர். அவர் நாவில் இருந்த சொல்லே அவ்வினாவைப் பிறப்பித்தது. ஐடல் என்று சொல்லத் தொடங்கியவன் விலை கேட்டு முடிப்பான். ஆதலின் அச்சொல் யாது, எங்கிருந்து வந்தது, யார் யாரை நோக்கி அதனை எறிந்தார் என்பவற்றை ஆராய்ந்து, அஃது எம்பெருமான் திருமேனிக்கு ஒருவாற்றானும் பொருந்தாது என்பதை நிறுவப் புகுகின்றோம்.

சொல்லின் பிறப்பு

'ஐடல்' என்பது ஆங்கிலர்க்கும் வந்தேறிய சொல்லே. பழைய பிரெஞ்சு மொழியின் வாயிலாக ஏறக்குறையப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற் புகுந்தது. அதற்கு முன்னர் இலத்தீனிலும், அதற்கும் முன்னர்க் கிரேக்கத்திலும் வழங்கியது. கிரேக்கத்தில் அதன் வடிவம் 'ஐடோலோன்' என்பது. உருவம் எனப் பொருள்படும் 'ஐடோஸ்' என்பதன் வழிவந்தது அது. இச்சொற்களின் வேர் காண்டல் என்னும் பொருளது என்றும், 'ஐடியா' என்னும் சொல்லும், நம் வேதம் என்னும் சொல்லின் பகுதியாகிய 'வித்' என்பதும் அவ்வேரினவே என்றும் மொழிநூலார் கூறுவர். வேதத்திற்கு உடன்பிறந்த சொல்லே வைதிக சைவத்தை இழித்தற்குக் கருவியாயிற்று என்பது காலத்தின் விளையாட்டுப் போலும்!

கிரேக்கர் இச்சொல்லைத் தெய்வத் திருவுருவத்திற்குச் சிறப்புப் பெயராக வழங்கினாரல்லர். ஓமர் என்னும் பழம்புலவர் பாடலில் இது கீழுலகத்தில் அலையும் இறந்தோரின் நிழலுருவைக் குறிக்கும். தேவரொருவர் பகைவரை மயக்கப் படைத்துவிட்ட பொய்யுருவையும் குறிக்கும். கி. மு. 412-இல் அரங்கேறிய யூரிப்பிடீசின் நாடகத்தில், திராய் நகர்க்குச் சென்றவள் மெய்யான எலேனாள் அல்லள், அவளைப் போன்ற ஐடோலோனே என்று கதை செல்லும். நம் நாட்டார் மாயாசீதை என்று கூறுவதனை இஃது ஒக்கும். தெமாக்கிரீத்தர், எபிக்கூரர் முதலிய அணுக்கொள்கையினர், பொருள்களினின்றும் உரிந்து வந்து கண்ணிற் படும் மெல்லிய படலங்களை இப்பெயராற் கூறினர். பிளேட்டோ மெய்ப்பொருளின் எதிராக வைத்த போலிக்கு இதனை வழங்கினார். எனவே நிழல், பேயுரு, மாயவுரு, படலம், போலி என்பனவே இச்சொல்லின் பழைய பொருள்கள். வழிபடுவோன் தான் வழிபடும் பொருளுக்கு இட்ட பெயராக இஃது எழவில்லை என்பது இதனாற் போதரும்.

வசைச்சொல் ஆனவாறு

கி. மு. மூன்றாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் யூதரின் மறைநூல் அலெக்சாந்திரியா நகரிற் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. அம்மறையில் அயலார் தெய்வ வடிவங்களை இகழ்தற்குப் பல எபிரேயச் சொற்கள் உண்டு. மொழிபெயர்த்தோர் அவற்றுட் பலவற்றிற்கு ஐடோலோன் என்னும் இவ்வொரு சொல்லையே எடுத்தாண்டனர். அன்றே இச்சொல் 'பிறர் வணங்கும் பொய்த்தேவு' என்னும் வசைப்பொருளை ஏற்றது. பின்னர்க் கிறித்தவ நூல்களில் 'லத்ரேயா' என்னும் வழிபாட்டுச் சொல்லோடு புணர்ந்து 'ஐடலட்ரி' என்னும் குற்றப்பெயராயிற்று.

இனிக் கிறித்தவர்தாம் உருவ வழிபாடு செய்திலரோ எனின், செய்தனர். கிழக்கு உரோமப் பேரரசில் எட்டாம் நூற்றாண்டில் அவ்வுருவங்களை உடைப்போர்க்கும் காப்போர்க்கும் பெரும்பூசல் விளைந்தது. கி. பி. 787-இல் நைசியா நகரிற் கூடிய பேரவை உருவங்களை வணங்குதல் தகும் என்று தீர்ப்பளித்தது. அவ்வணக்கம் உருவத்தின் வாயிலாக அதற்குரியாரைச் சென்றடையும் என்றும், கடவுட்கே உரிய ஆராதனை வேறு என்றும் அவ்வவையோர் வகுத்தனர். அவ்வுருவங்களை அவர் ஐடோலோன் என்று அழைத்தனரோ? இல்லை. 'ஐகோன்' என்று அழைத்தனர். அதுவும் கிரேக்கச் சொல்லே. சாயல் எனப் பொருள்படுவதே. அன்பர்காள், இதனை உற்று நோக்குமின்! தம்முடையது ஐகன், பிறருடையது ஐடல். மரமும் வண்ணமும் விளக்கும் தூபமும் இரண்டிடத்தும் உள. வேறுபட்டது பெயர் ஒன்றே.

அதன்பின் எண்ணூறு ஆண்டுகள் கழிந்தன. பதினாறாம் நூற்றாண்டில் மேலைக் கிறித்தவர் இருபிரிவினர் ஆயினர். சீர்திருத்தக் கட்சியார் கத்தோலிக்கர் கோயில்களில் இருந்த அன்னை மரியாளின் வடிவத்தையும் அடியார் வடிவங்களையும் ஐடல் என்று கூறி உடைத்தனர். 1566-இல் நெதர்லாந்து நாடுகளில் எத்துணையோ கோயில்கள் சூறையாடப்பட்டன. இங்கிலாந்தில் ஆறாம் எட்வர்டு ஆட்சியில் (1547–1553) அரசாணையாலேயே வடிவங்கள் அகற்றப்பட்டன. அயலாரை நோக்கி எறிந்த சொல் உடன்பிறந்தார் மேலேயே திரும்பி வீழ்ந்தது. எக்காலத்தும் எவ்விடத்தும் இச்சொல்லுக்கு இயல்பு ஒன்றே: தன் வழிபாட்டை நோக்கி ஒருவன் மனமுவந்து இதனைக் கூறான், பிறன் வழிபாட்டை நோக்கியே கூறுவான்.

பேக்கன் சான்று

இச்சொல்லின் வரலாற்றில் எமக்குப் பெரிதும் துணைசெய்பவர் ஆங்கிலப் பேரறிஞர் பிரான்சிசு பேக்கன் ஆவார். அவர் 1620-இல் வெளியிட்ட 'நோவும் ஆர்கானும்' என்னும் இலத்தீன் நூலில், மாந்தர் அறிவை மறைக்கும் மயக்கங்களை நால்வகையாக வகுத்து, அவற்றிற்கு ஐடல் என்றே பெயரிட்டார். மக்கட் குலத்திற்குப் பொதுவாய மயக்கம் ஒன்று. ஒவ்வொருவர்க்கும் தனித்தனி உரிய குகை மயக்கம் ஒன்று. கொள்கைகளின் பகட்டால் வரும் நாடக அரங்கின் மயக்கம் ஒன்று. எஞ்சியது அங்காடி மயக்கம். அங்காடியிற் பலர் கூடிப் பேசுமிடத்துப் பொருந்தாச் சொற்கள் வழக்கில் ஏறிக்கொண்டு அறிவைத் தம் வழியே இழுத்துச் செல்லுதலே அங்காடி மயக்கம் என்று அவர் விளக்கினார். அதுவே நான்கனுள்ளும் மிகத் தொல்லை தருவது என்றும் கூறினார்.

இனி யாம் வினவுவோம். தில்லைக் கூத்தன் திருமேனியையும், காட்சிசாலைப் பொம்மையையும், ஆடல்பாடற் போட்டியில் வென்ற இளைஞரையும் ஒரே சொல்லாற் குறிக்கும் இவ்வழக்கு அங்காடி மயக்கம் அன்றி வேறென்னை? ஆங்கில மேடையிலும் திரையிலும் பெண்டிர் உள்ளங்கவர்ந்த நடிகர் 'மேட்டினி ஐடல்' எனப்பட்டனர். 1960-களின் பின்னர்ச் சப்பானியர் இச்சொல்லை 'ஐடோரு' எனத் திரித்து இளம் பாடகர்க்குச் சூட்டினர். 2002-இல் அமெரிக்காவிற் பாட்டுப்போட்டி ஒன்றிற்கே இது பெயராயிற்று. மேலைநாட்டார் தம் சொல்லைத் தாம் விரும்பியவாறு வழங்குக. அதில் எமக்கு வழக்கில்லை. ஆயின் பேக்கனார் கண்டித்த ஐடல் எங்கே உளது என்று தேடுவோமாயின், அஃது எம் கருவறையில் இல்லை. ஐடல் என்னும் அச்சொல்லிலேயே உளது!

இச்சொல் இந்நாட்டிற் செய்த வேலை

போர்த்துகீசியர் 'பகோடா' என்னும் சொல்லாற் கோயிலையும் கோயிலில் உள்ள மூர்த்தியையும் ஒருங்கே குறித்தனர். வராகன் என்னும் பொற்காசிற்கும் அதுவே பெயராயிற்று. ஆங்கிலக் கும்பினியார் சென்னையில் அக்காசினை அடித்து 1818 வரை வழங்கினர். அதன்மீது திருமாலின் வடிவத்தைப் பொறித்தனர். பிரசங்க மேடையில் ஐடல் என்று இகழ்ந்த வடிவத்தை அக்கசாலையில் அச்சிட்டு வாணிகம் செய்தவர் கும்பினியார் என்பதை மறவற்க.

பின்னர், கும்பினி அரசு கோயிற் சொத்துக்களை மேற்பார்வை செய்தலும், திருவிழாவிற் படையினர் அணிவகுத்தலும் ஐடலட்ரிக்குத் துணைபோதல் என்று பாதிரிமாரும் அவர்தம் கட்சியாரும் பெருங்கிளர்ச்சி செய்தனர். 1833-இல் கோயில் தொடர்பை விடுக்குமாறு இலண்டனிலிருந்து ஆணை வந்தது. 1838-இல் சென்னைப் படைத்தலைவர் பெரெகிரின் மெயிட்லாந்து என்பார் இதன்பொருட்டே பதவியைத் துறந்தார். அரசு படிப்படியாகக் கைவிட்டது; 1863-ஆம் ஆண்டின் 20-ஆம் சட்டம் அப்பிரிவினை முற்றுவித்தது. கேட்பாரற்ற கோயிற் சொத்துக்கள் பல ஒழுங்கற்ற கைகளில் அழிந்தன என்று அக்காலத்தார் முறையிட்டனர். அயலரசு கோயிலை ஆளுதல் தகுமா என்பது வேறு வினா. ஆயின் எம் கோயில்களின் ஊழைப் பன்னாட்கள் முடிவு செய்தது எம் ஆகமம் அன்று, அயலார் வசைச்சொல் ஒன்றே என்பது எண்ணி வருந்தத்தக்கது.

இதனினும் நுண்ணிய கேடு ஒன்றுண்டு. தமிழ் விவிலியத்தில் ஐடல் என்பதற்கு 'விக்கிரகம்' என்றும், ஐடலட்ரி என்பதற்கு 'விக்கிரகாராதனை' என்றும் எழுதினர். விக்கிரகம் என்பது வடமொழியில் உடல், வடிவம் எனப் பொருள்படும் நற்சொல். அந்நற்சொல்லின் உள்ளீட்டைக் களைந்து, வசையை உள்ளே பெய்து, எம் கையிலேயே மீட்டுக் கொடுத்தனர். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத் தமிழாக்கத்திற்கு உதவியவர். அம்மொழியின் உள்ளும் புறமும் அறிந்தவர். அவரே 1854-இற் 'சைவதூஷணபரிகாரம்' இயற்றி, சைவர் கிரியைகளை இகழ்வோரின் மறைநூலிலேயே ஆலயமும் பேழையும் பலியும் விழாவும் உளவென எடுத்துக்காட்டி அவர் வாயை அடைத்தனர். நாவலர் பெருமான் அடைத்த வாயை நம் வாயாலேயே திறந்துவிடுதல் முறையோ?

சித்தாந்தம் கூறுவது

சைவ சித்தாந்தம் கல்லைக் கடவுள் என்று கூறவில்லை. இறைவன் தன் உண்மையியல்பில் உருவும் அருவும் கடந்தவன். உயிர்கள் உய்தற்பொருட்டு அருவம், அருவுருவம், உருவம் என்னும் மூவகைத் திருமேனி கொள்கின்றான். அத்திருமேனி மாயையின் ஆக்கம் அன்று, அவனது அருட்சத்தியின் வடிவமே என்பது சிவஞான சித்தியாரின் துணிபு. சிவஞானபோதப் பன்னிரண்டாம் சூத்திரம் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே கண்டு வழிபடுமாறு விதிக்கின்றது. எங்கும் நிறைந்தவன் ஆலயத்தில் மட்டும் உளன் என்பது இதன் கருத்தன்று. பிறவிடங்களிற் பாலில் நெய்போல் மறைந்து நிற்பவன், இவ்விடங்களில் தயிரில் நெய்போல் விளங்கி நிற்கின்றான் என்பதே கருத்து.

ஐடல் என்னும் சொல்லோ, 'கண்டது உண்டு, காணப்படும் மெய் அங்கில்லை' என்னும் பொருளைத் தன் பிறப்பிலேயே கொண்டது. திருமேனி என்னும் சொல், 'காணாத மெய் ஈண்டுக் காண வந்தது' என்னும் பொருளைத் தன்னுட் கொண்டது. ஒன்றற்கு மற்றொன்று மொழிபெயர்ப்பு ஆகாமையேயன்றி, ஒன்று மற்றொன்றின் மறுப்பும் ஆம். 'இவ்வைடலை வணங்குகின்றேன்' என்று ஆங்கிலத்திற் கூறும் சைவன், சொல்லின் பொருள்படி, 'இல்லாததனை வணங்குகின்றேன்' என்று தன் வாயாற் கூறுகின்றான்.

முன்னோர் இவ்வேறுபாட்டை உணர்ந்தே சொல் வழங்கினர். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்களில் இராசராச சோழன் காலத்துச் செப்புத் திருமேனிகளைப் பற்றிக் கூறுமிடத்து, இன்னார் 'எழுந்தருளுவித்த' திருமேனி என்றே வரும். செய்தார், வைத்தார் என்னாது எழுந்தருளுவித்தார் என்றமை காண்க. பிரதிமம் என்னும் சொல்லும் ஆங்கு வருமன்றோ எனின், வரும். முழமும் விரலும் இட்டு உயரம் அளந்து கணக்கெழுதும் இடத்து வடிவத்தைப் பிரதிமம் எனல் இழுக்கன்று; அவ்வடிவத்தில் விளங்கும் முதல்வனை எழுந்தருளுவித்த செயலால் உடன் கூறினமையே நோக்கத்தக்கது.

இக்கொல்லிமலையே இதற்கொரு சான்று தரும். சங்கப் புலவர் பாடிய கொல்லிப்பாவை, பூதம் ஒன்று வகுத்ததாகக் கூறப்படும் எழிலுரு, கண்டாரை மயக்குவது. மயக்கும் உருவாதலின் புலவர் அதனைப் 'பாவை' என்றனர். கிரேக்கர் ஐடோலோன் என்றதற்கு ஒருவாறு நேராகும் தமிழ்ச்சொல் வேண்டுமாயின் இஃது ஆகலாம். பிற்காலத்தார் எட்டுக்கை அம்மன் கோயிலைக் கொல்லிப்பாவையோடு தொடர்புபடுத்தினர். ஆயின் வழிபடத் தொடங்கியபோதே 'அம்மன்' என்னும் சொல் உடன்வந்து நின்றது. வெறும் பாவைக்குத் தமிழன் கற்பூரம் காட்டியதில்லை.

'சிலை' என்னும் வழக்கு

ஆங்கிலச் சொல்லை விடுத்துத் தமிழிற் 'சிலை' என்கின்றோமே, அஃது அமையாதோ எனச் சிலர் வினவுவர். அமையாது. சிலை என்பதற்குக் கல் என்றும் வில் என்றும் நிகண்டு நூலார் பொருள் கூறுவர். வல்வில் ஓரி ஆண்ட இம்மலையிற் சிலை என்றால் முதற்கண் நினைவிற்கு வரவேண்டுவது அவ்வள்ளலின் வில்லே. கல் என்னும் பொருள் கொள்ளினும், செம்பும் ஐம்பொன்னும் கொண்டு வார்த்த திருமேனியைச் சிலை எனல் எங்ஙனம் கூடும்? தலைவர்க்கும் புலவர்க்கும் நாற்சந்தியில் நிறுவும் உருவத்தைச் சிலை என்க, தடையில்லை. அபிடேகமும் நிவேதனமும் கொண்டு விழாவில் உலாப்போந்து அருளும் முதல்வனை அப்பெயரால் அழைத்தல், ஈன்ற தாயை 'அந்தப் பெண்பிள்ளை' என்பதனோடொக்கும்.

இது வெறுஞ் சொற்பூசல் என்று எண்ணற்க. 1976-இல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூரில் மண்ணினின்றும் வெளிப்பட்ட நடராசர் திருமேனி கடல்கடந்து சென்று, 1982-இற் கனடா நாட்டு நிறுவனம் ஒன்றன் கைப்பட்டது. இலண்டன் காவலர் அதனைக் கைப்பற்ற, வழக்கு எழுந்தது. வாங்கியோர் கட்சி, விலைகொடுத்து வாங்கிய பொருள் என்பது. எதிர்த்து நின்றது யார்? பத்தூர்க் கோயிலே! பாழடைந்து கிடந்த அக்கோயில் வழக்காடும் தகுதி உடையதென்று 1991-இல் ஆங்கில மேல்முறையீட்டு மன்றம் ஏற்றது. நடராசர் இந்நாட்டிற்கு மீண்டார். அரியலூர் மாவட்டத்துச் சிரீபுரந்தான் கோயிலினின்றும் களவாடப்பட்ட நடராசரை ஆத்திரேலிய தேசியக் காட்சிசாலையார் 2008-இல் ஐம்பது இலட்சம் அமெரிக்க தாலருக்கு வாங்கினர்; 2014-இல் அந்நாட்டுத் தலைமை அமைச்சரே அவரை மீட்டளித்தார். விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரும் அப்போதே மீண்டார்.

இச்செய்திகளை நம் செய்தித்தாள்கள் எங்ஙனம் வெளியிடுகின்றன? 'இத்தனை கோடி மதிப்புள்ள சிலை மீட்பு' என்று தலைப்பிடுகின்றன. விலை முன்னே, பெயர் பின்னே. திருடனுக்கும் அதுவே வரிசை. களவு போனது ஒரு பொருளாயின், பொருளை மீட்டுப் பூட்டிய அறையில் வைத்தவுடன் கடமை முடிந்தது. களவு போனவர் எம் ஊர் முதல்வராயின், அவர் தம் கருவறைக்குத் திரும்பி, ஒருகால நைவேத்தியமாவது ஏற்கும்வரை கடமை முடியாது. மீட்கப்பட்ட மூர்த்திகள் பலர் பாதுகாப்பறைகளிற் பூசையின்றி இருத்தலைக் கண்டு ஊரார் அமைதியாயிருத்தற்கு, சிலைதானே என்னும் சொல்லும் ஒரு காரணம் ஆம்.

தடைவிடை

'ஐடல் என்னும் சொல்லாலன்றோ நீதிமன்றங்கள் நம் மூர்த்திகட்கு உரிமை வழங்கின?' எனின், உண்மை. 1925-இற் கல்கத்தாக் குடும்பம் ஒன்றன் வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில், இந்துக்களின் மூர்த்தி சட்டத்தின்முன் வழக்காடவும் வழக்காடப்படவும் உரிய ஓர் ஆளே என்றும், தம் மனம்போன போக்கில் எடுத்துச் செல்லத்தக்க பொருள் அன்று என்றும், எங்கே வைத்து வழிபடுதல் வேண்டும் என்பதில் அம்மூர்த்தியின் விருப்பமும் மதிக்கப்படல் வேண்டும் என்றும், அதனை எடுத்துரைக்கத் தக்கார் ஒருவர் அமர்த்தப்படுக என்றும் கூறிற்று. எம் கட்சிக்கு இதனினும் சிறந்த சான்று யாது? ஆங்கிலச் சட்டம் ஐடல் என்று எழுதிவிட்டு, எழுதியதன் பொருளைத் தானே மறுத்து, விருப்பமுடைய ஆள் என்று கொள்ள நேர்ந்தது. பேய்நிழலுக்கு விருப்பம் ஏது? பொருள் திருமேனியினது, பெயரே பொருந்தாதது. சட்டநூலில் ஏறிய சொல்லை ஒருநாளில் நீக்கல் இயலாது என்பதறிவோம். ஆயினும் இந்நாட்டு நீதிமன்றங்கள் 'டெய்ட்டி' என்னும் தெய்வச் சொல்லையும் வழங்குதலின், வழி அடைபட்டிலது.

'சித்தர் சிலர் கல்லை வணங்குவோரைக் கண்டித்திலரோ?' எனின், கண்டித்தனர். கல்லோடு நின்றுவிட்டுக் கடவுளைக் காணாதாரை அவர் இடித்துரைத்தனர். அது மகனைத் தந்தை கடிவது போன்றது. அயலான் வசையோடு அதனை ஒன்றாக எண்ணுதல் பிழை. 'பெயரில் என்ன உளது? அன்பிருந்தாற் போதாதோ?' என்பாரும் உளர். தம் பெயரைத் திரித்தழைப்பாரிடம் அவர் இவ்வமைதி காட்டுவாராயின் அவ்வுரையை யாமும் ஏற்போம்.

செயற்பாலன

முதலாவது, சைவ நன்மக்கள் ஆங்கிலத்தில் எழுதும்போதும் பேசும்போதும் மூர்த்தி, திருமேனி என்னும் சொற்களையே வழங்குக. கறி, கட்டுமரம், அவதாரம் முதலிய நம் சொற்களைத் தம்முடையன ஆக்கிக்கொண்ட ஆங்கிலம் இவற்றையும் ஏற்கும். இரண்டாவது, தமிழிற் கல்லாயினும் செம்பாயினும் வழிபாட்டிற்குரியதனைத் திருமேனி, திருவுருவம் என்க. அறநிலையத் துறையினர் திருவாரூரில் உள்ள காப்பிடத்தை உலோகத் திருமேனிப் பாதுகாப்பு மையம் எனப் பெயரிட்டு வழங்குதல் பாராட்டற்பாலது. 1983-இல் அமைந்து அரும்பணி ஆற்றிவரும் காவற்பிரிவின் பெயரோ இன்றும் 'சிலை' என்பதனோடே நிற்கின்றது. அதனைத் திருத்துமாறு அன்பர்கள் விண்ணப்பிக்க. மூன்றாவது, செய்தித்தாள்கட்கு எழுதுக: விலையை எழுதற்கு முன்னர், மூர்த்தியின் பெயரையும் அவர்க்குரிய ஊரின் பெயரையும் எழுதச் செய்க. நான்காவது, மீண்டுவந்த திருமேனிகள் காவலோடும் பூசையோடும் தம் தலம் சேர்தற்கு அவ்வவ்வூரார் முயல்க.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. நம் மனையிற் குழந்தைகள் பூசையறையைச் சுட்டி 'ஐடல்' என்று சொல்லும்போது அன்போடு திருத்துக. அக்குழந்தை நாளை உலகெங்கும் செல்லும், பல மொழி பேசும், பேசுக. ஆயின் காரவள்ளியினின்றும் மலையேறி அறப்பள்ளியின் முன் நிற்கும் நாளில், அதன் நாவில் எழும் சொல் அவ்வுழவன் நாவில் எழுந்த சொல்லாக இருத்தல் வேண்டும். கல்லிற் பட்டது என்று தொடங்கிச் சாமி என்று முடித்தவன் அவன். சாமி என்று தொடங்கிய குலத்திற் பிறந்த நாம் கல் என்று முடித்தல் தகுமோ?

திருச்சிற்றம்பலம்